எடுபட்ட பேச்சு

போன மாதம் வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால் ஒரு துண்டும் ஒரு எலுமிச்சம்பழமும் உறுதி என்பதால் நானும் போனேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். “சார், நாம என்ன சொன்னாலும் ஜனங்க காதுல வாங்க மாட்டேங்காங்க. எடுபடுத மாதிரி எப்படி சார் பேசுதது?”

அன்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நீங்களும் படியுங்கள்.

‘எடுபடும்’ என்ற சொல்லை நம் கோப்புகளில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோப்பில் எழுதும்போது ‘மனுதாரரின் வாதம் ஏற்கத்தக்கதாக உள்ளது’ என்போம், இல்லாவிட்டால் ‘ஏற்கத்தக்கதாக இல்லை’ என்போம். எதை எழுதினாலும் கீழே காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேலே உள்ளவர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். ‘எடுபடும்’ என்பது அப்படியில்லை. அது வாய்ப்பேச்சில் புழங்குகிற சொல். அவர் பேச்சு எடுபடும் என்றால், அவர் பேசினால் காரியம் நடக்கும், அவ்வளவுதான் பொருள். அவர் சொன்னது சரியா என்று அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. தொண்ணூறுகளில், நான் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக இருந்தபோது, என் பேச்சு எடுபடும் என்று தாலுகா முழுக்கப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமையும் இருந்தது.

சும்மா வந்த பெயரில்லை. வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்று இரண்டு ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு நின்ற இடத்தில், ஒரு மணி நேரம் பேசி இரண்டு பக்கத்தையும் டீக்கடைக்குக் கூட்டிப் போனவன் நான். எங்கள் தாசில்தார் அம்பாசமுத்திரத்துக்காரர், கோபக்காரர், ஆனால் நல்ல மனிதர். எங்கே சிக்கல் வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார். “நீரு போம்வே. உம்ம பேச்சுதான் எடுபடும்” என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

என் சரகத்தில் ஆற்றை ஒட்டி ஒரு ஊர் இருந்தது. பெயர் வேண்டாம். ஊரின் கீழ்க்கோடியில், ஆற்றுப் புறம்போக்கில் ஒரு தெரு. நாற்பது குடிசைகள் இருக்கும். தெருவைத் தாண்டிப் படித்துறை, படித்துறையை ஒட்டி ஆற்றுக்குள்ளேயே கட்டின ஒரு முருகன் கோயில். மழைக்காலத்தில் கோயிலுக்குள் தண்ணீர் ஏறுவது அங்கே வழக்கம். ஆற்று நிறம் மாறி, தண்ணீர் முன்மண்டபத்துப் படியைத் தொட்டால், பூசை செய்கிற பட்டர் வந்து உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேலத்தெரு மண்டபத்துக்குப் போய்விடுவார். மூலவர் கல், அவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். உற்சவர் செம்பு, அவர் மேலே போவார். சாமி மேலே போய்விட்டால் தெருக்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். தண்டோரா, அரசாங்க நோட்டீஸ் எதற்கும் அசையாதவர்கள் அதற்கு அசைவார்கள். எத்தனை தலைமுறையாக இந்த ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது.

நான் இந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. திசையன்விளைப் பக்கம், செம்மண் காடு. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய சாமான். எனக்கு நீச்சல் தெரியாது, ஆறு என்ன செய்யும் என்றும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் ஐப்பசியில் வீண் பீதி ஒன்று கிளம்பியிருந்தது. வெள்ளம் வருகிறது என்று யாரோ சொல்ல, சாமியும் மேலே போக, தெருவே பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு நாள் கிடந்தது. வெள்ளம் வரவில்லை. அதற்குள் குடிசைகளில் கோழியும் பாத்திரமும் களவு போய்விட்டன. தலைமையாசிரியர் பரீட்சை கெட்டது என்று மேலே எழுதிவிட்டார். தாசில்தாருக்கு நல்ல டோஸ். அதனால் கார்த்திகையில் மழை பிடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, அணையிலிருந்து தகவல் எதுவும் இல்லை, போன தடவை மாதிரி வீண் பீதி கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்.

காலையில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி வருகிற பஸ் வந்திருக்கவில்லை. பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மணிமுத்தாறு வரைக்கும் நடந்தே வந்த கண்டக்டர் ஒருவர், நனைந்த சட்டையோடு என் பக்கத்தில் நின்று டீ வாங்கினார். “மேல ரோடு ரெண்டு எடத்துல இல்ல சார். நான் பதினஞ்சு வருசமா ஏறி எறங்குதேன், இப்படி ஒரு மழையப் பாக்கல” என்றார். பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

நான் ஊருக்குப் போனபோது ஆறு கலங்கியிருந்தது. தண்ணீர் மண்டபத்துக் கீழ்ப்படியில். பட்டர் உற்சவருக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான தேகம், அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பகீரென்றது. சாமி மேலே போனால் தெருவும் மேலே போகும், தலைமையாசிரியர் மறுபடி எழுதுவார், தாசில்தார் என்னைத் தொலைத்துவிடுவார்.

பேச ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவ்வளவு அழகாக இருந்தது, இப்போதும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. அணையில் இன்னும் இடம் இருக்கிறது என்றேன். திறந்தாலும் முன்கூட்டியே தகவல் வரும், அதற்குத்தானே அரசாங்கம் இருக்கிறது என்றேன். போன தடவை ஏழைகளின் கோழி போனதே, அது யார் கணக்கில் என்றேன். சாமியைத் தூக்குவது பெரிய காரியம், அதைச் சும்மா சும்மா செய்தால் நாளைக்கு நிஜமாகவே வெள்ளம் வரும்போது எவன் நம்புவான் என்றேன். இந்தக் கடைசி வாதம் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று.

கண்டக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பேச்சு சப்பென்று போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்.

பட்டர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பைய துணியை அவிழ்த்துவிட்டு உற்சவரைப் பழைய இடத்திலேயே வைத்தார். எடுபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அங்கிருந்து தெருவுக்கு வந்தேன். ஏழெட்டுப் பேர் கூடிப் போவோமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் பேச்சியம்மாள். காய்கறிக் கூடை சுமந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். தெருவில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர்களுக்குப் போக மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புறம்போக்கைக் காலி பண்ணச் சொல்லி அந்தக் கோடையில்தான் நோட்டீஸ் வந்திருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அவர்கள் கேட்க விரும்பியதைத்தான் நான் சொல்லப் போனேன். பட்டரிடம் சொன்னதையே சுருக்கி நாலே வாக்கியத்தில் சொன்னேன். கடைசியாகக் கோயில் பக்கம் கையைக் காட்டி, “சாமியே கீழதான் இருக்கு. நமக்கு என்ன பயம்?” என்றேன்.

நான்தான் அந்தச் சாமியை அங்கே உட்கார வைத்தேன். பத்து நிமிடம் கழித்து அதையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். அப்போது அது தப்பு என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. தெரு கலைந்து அவரவர் வேலைக்குப் போய்விட்டது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். தாசில்தார் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. “மேல எல்லா மதகையும் தூக்கியாச்சுவே. மலைத்தண்ணி வேற சேந்து வருது. மூணு மணிக்குள்ள தெருவுல ஒரு உசுரு இருக்கக் கூடாது. நான் அடுத்த ஊருக்குப் போவணும். நீரு பேசிக் கெளப்பிரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலையாரி சுடலையைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கத்தினேன், வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளும் சோற்றுத் தட்டோடு நின்றன.

அணையில் இடம் இருக்கிறது என்று சொன்னீர்களே என்று கேட்டாள். தகவல் இப்போதுதான் வந்தது என்றேன். போன தடவையும் இப்படித்தான் தகவல் வந்தது என்றாள். கோழி போனதே, அது யார் கணக்கு என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். சும்மா சும்மா கூப்பிட்டால் எவன் நம்புவான் என்று இன்னொருவன். காலையில் நான் சொன்னதில் ஒன்று பாக்கியில்லை. எல்லாம் அச்சு அசலாக என்னிடமே திரும்பி வந்தது. அதில் எதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் சொல்ல முடியாதபடிதான் அதை நான் கட்டியிருந்தேன்.

“எல்லாஞ் சரி சார்” என்றாள் பேச்சியம்மாள். “சாமி இன்னும் கீழதான இருக்கு? நெசமாவே ஆபத்துன்னா பட்டரு தூக்காம இருப்பாரா?”

“நான்தாம்மா தூக்க வேண்டாம்னு சொன்னேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. எங்களக் கெளப்பி விட்டுட்டுக் குடிசையப் பிரிக்கத்தான இந்தப் பேச்சு?”

மாஞ்சோலைக் கண்டக்டரைப் பற்றிச் சொன்னேன். காலையில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். இப்போது அதையும் ஒரு கதை என்றுதான் கேட்டார்கள். உண்மையைச் சொல்லும்போது எனக்குத் திக்கியது. மணி ஒன்றரை தாண்டிவிட்டது. பிள்ளைகள் மறுபடி சாப்பிட உட்கார்ந்துவிட்டன. அந்தச் சோற்றுத் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இந்தத் தெரு இங்கேயே இருக்கும், தண்ணீர் வரும், நாளைக்கு நான் உயிரோடு இருப்பேன் என்று மட்டும் தோன்றியது.

பட்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்று ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியைத் தூக்கினால்தான் தெரு நகரும் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே போய்த் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

படித்துறை கண்ணுக்குத் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில் தண்ணீர் மார்பளவு. கரைக்கும் கோயிலுக்கும் நடுவில் இருபது அடிதான், ஆனால் அதில் மரக்கிளைகளும் வைக்கோலும் சுழன்று போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்ற மருத மரத்தில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியைப் பட்டர் இடுப்பில் சுற்றிக்கொண்டார். நானும் சுடலையும் கயிற்றைப் பிடித்தோம். வேண்டாம் சாமி, போக வேண்டாம் என்று நான் சொன்னேன். அது எடுபடவில்லை.

அவர் இறங்கினார். கழுத்து, தலை, பிறகு ஒன்றுமில்லை. மண்டபத் தூணை அவர் பிடிப்பது தெரிந்தது. உள்ளே போனார். கயிறு முறுக்காக இருந்தது. தெருவில் செய்தி பரவி ஒவ்வொருவராக மழையில் வந்து எங்கள் பின்னால் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று கயிறு தொய்ந்தது.

நான் சாமி கும்பிடுகிற ஆள்தான், ஆனால் அப்போது எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. கையில் கனமே இல்லாத கயிறு. சுடலை “இழுக்காதிய, இழுக்காதிய” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஒரு மனிதனைப் பேசியே கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன். காலையில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது விட்டிருந்தால், கணுக்கால் நனைய நடந்து போயிருப்பார்.

கயிறு மறுபடி இழுபட்டது. தூணுக்கு இந்தப் பக்கம் பட்டர் தலை தெரிந்தது. முதுகில் வேட்டியால் உற்சவரைக் கட்டியிருந்தார். பாதி வழியில் ஒரு பெரிய கிளை வந்து அவர் வலது தோளில் அடித்தது. அவர் வாயைத் திறந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. இடது கையால் மட்டும் கயிற்றைப் பிடித்தார். நாங்கள் இழுத்தோம். பின்னாலிருந்து பேச்சியம்மாள் வந்து என் கைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள். அதன் பிறகு எத்தனை கைகள் வந்தன என்று எனக்குத் தெரியாது.

கரைக்கு வந்து விழுந்தவர், எழுந்து, உற்சவரோடு மேலத்தெருவைப் பார்த்து நடந்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. தெருவே அவர் பின்னால் நடந்தது. பிள்ளைகள், ஆடு, பாய், பானை எல்லாம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று மணிக்கு நான் கடைசிக் குடிசை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறினேன். நாலு மணிக்கு மேட்டில் நின்று பார்த்தபோது அங்கே தெரு இல்லை. கோயில் கோபுரத்தின் கலசம் மட்டும் தெரிந்தது. ஒரு உயிர்ச்சேதம் இல்லை என்று தாசில்தார் அறிக்கை அனுப்பினார். அதில் என்னைப் பாராட்டி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அதை நான் மறுக்கவில்லை. இதை எழுதுகிற வரை யாரிடமும் சொன்னதுமில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் பட்டரைப் படுக்க வைத்திருந்தார்கள். தோள்மூட்டு விலகி வீங்கியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் பழக்கதோஷம், காலையில் தகவல் எதுவும் இல்லை, நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள் என்றுதான் வாயில் வந்தது.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இப்படி உறுத்தியிருக்காது.

“நான் ஒத்துக்கலயே சார். நீங்க சொன்னது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். பதில் சொல்லத் தெரியல. அதான் பேசாம இருந்தேன்.”

அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான், தாயி. எடுபடுத மாதிரி பேசுவது கஷ்டமே இல்லை. கேட்கிறவர்களுக்கு என்ன ஆசை என்று பார், அதைச் சொல், உன் பக்கத்துக்கு ஆகாததை விழுங்கிவிடு. ஜோராக எடுபடும். எதிரே இருப்பவர் பேசாமல் நின்றால் அங்கேதான் நீ பயப்பட வேண்டும். அவருக்கு உடன்பாடா, இல்லை உன்னளவுக்குப் பேச்சு வராதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகராதே. விழுங்கின அந்த ஒன்றையும் கக்கிவிட்டு, பிறகு கேள். அதற்குப் பிறகு இருந்த சர்வீஸ் முழுக்க நான் அப்படித்தான் கேட்டேன். தாலுகாவில் என் பெயர் கெட்டுப்போயிற்று. இவருக்கு முன்னே மாதிரிப் பேச வரவில்லை என்றார்கள்.

பட்டரின் தோள் பிறகு சரியாகவே இல்லை. அந்தச் சரகத்தில் இருந்தவரை வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோயிலுக்குப் போவேன். தீபாராதனைத் தட்டை அவரால் நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. சாமி முகத்துக்கு வெளிச்சம் எட்டாது. சந்நிதியில் அத்தனை பேர் நிற்போம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் இருட்டில் இருக்கிற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.